எச்சரிக்கை எந்த மொழியில் இருக்கவேண்டும்?

எமது வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கின்ற பொருட்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அலுமாரியில் பால்மாப் பெட்டி, ஆசுபத்திரியில் தந்த குளிசை, கொட்டிலில் பீடைநாசினிப் போத்தல், விதைச் சரை, சட்டைப் பையில் கைத்தொலைபேசி. இவற்றுள் பல கடல் கடந்து வந்தவை. ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டில் பொதி செய்து, மூன்றாவது நாட்டுக் கப்பலில் எம்மிடம் வந்து சேருகின்றன. உலகம் ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். பொருட்களைப் பொறுத்தமட்டில் அது உண்மைதான்.

ஆனால் அந்தக் கிராமத்தில் ஏறக்குறைய 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் சபை தன் அலுவல்களுக்கு வைத்திருக்கும் மொழிகளோ ஆறுதான். பொருள் எல்லைகளைத் தாண்டி வருகின்ற வேகத்தில், அதை எப்படிப் பாவிப்பது, எதற்குப் பாவிக்கக்கூடாது என்ற விளக்கம் வந்து சேருவதில்லை. இந்த இடைவெளியால் என்ன நேரும்? இதை விளங்கிக்கொள்ள, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஈராக் நாட்டு விவசாயிகளுக்கு நேர்ந்த ஒரு பேரழிவை அறிந்துகொள்வது பயனுள்ளது.

ஈராக்கிற்கு வந்த கோதுமை

1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஈராக்கில் மழை பொய்த்தது. விளைச்சல் கெட்டு, விதைதானியத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. எனவே அரசாங்கம் அதிக விளைச்சல் தரும் புதிய இன விதைகளை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தது. 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 73,000 தொன்னுக்கு மேற்பட்ட கோதுமையும் 22,000 தொன்னுக்கு மேற்பட்ட பார்லியும் பஸ்ரா துறைமுகத்தில் வந்து இறங்கின. கோதுமையின் பெரும்பகுதி மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தது.

விதை மண்ணில் பங்கசு பிடித்து அழுகாதிருக்க அதன்மேல் மெதில் பாதரசம் என்னும் நஞ்சைப் பூசியிருந்தார்கள். விதைப்பதற்கு அது நல்லது. உண்பதற்கு அது நஞ்சு. அது உணவுத் தானியம் அல்ல என்று காட்டுவதற்காக இளஞ்சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளிலே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. சில மூட்டைகளில் ஸ்பானிய மொழி, சில மூட்டைகளில் ஆங்கிலம். கூடவே மண்டையோடும் குறுக்கு எலும்பும் கொண்ட படம்.

அந்த மூட்டைகளைப் பிரித்த மக்கள் பேசியதோ அரபு மொழியும் குர்திய மொழியும். ஸ்பானிய மொழி அவர்கள் காதாலும் கேட்டறியாத மொழி. மண்டையோட்டுப் படம் நஞ்சைக் குறிக்கும் என்பது மேல்நாட்டு வழக்கம். அதைப் பழகாத விவசாயிக்கு அந்தப் படம் எதையும் உணர்த்தவில்லை. சில இடங்களில், தானியம் நஞ்சூட்டப்பட்டது என்பதை அறிந்துகொண்டதாக விவசாயிகளிடம் கைநாட்டு வாங்கப்பட்டது என்று பிற்காலத்தில் எழுதினார்கள். அப்படி ஒன்றும் கேட்கப்படவில்லை என்று கூறுவோரும் உண்டு. கைநாட்டு வாங்கப்பட்டிருந்தாலும், விளங்காத ஒன்றுக்கு இட்ட கைநாட்டு கொடுத்தவரைக் காப்பாற்றுமே தவிர, இட்டவரைக் காப்பாற்றாது.

தானியம் பல இடங்களுக்கு விதைப்புக் காலம் கடந்த பின்னரே வந்து சேர்ந்தது. வீட்டிலோ உணவு குறைவு. விவசாயிகள் எடுத்த எடுப்பிலேயே அதைத் தின்றுவிடவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். சிலர் முதலில் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள். சில நாட்கள் சென்றும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் தானியத்தைக் கழுவினார்கள். சிவப்புச் சாயம் தண்ணீரோடு போயிற்று. சாயம் போனதால் நஞ்சும் போயிற்று என்று நம்பினார்கள். பின்னர் மாவாக்கி ரொட்டி சுட்டுக் குடும்பமாக உண்டார்கள்.

நஞ்சு போகவில்லை. இந்த நஞ்சின் தன்மை உடனே காட்டாது, வாரங்கள் கழித்தே காட்டும். முதலில் கை, கால், உதடு விறைத்தன. பின்னர் நடை தள்ளாடியது, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது. 1971ஆம் ஆண்டு டிசெம்பர் மாதக் கடைசியில் ஆசுபத்திரிகள் நிரம்பத் தொடங்கின. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துக்குள் 6,530 பேர் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுள் 459 பேர் இறந்தார்கள். இது ஆசுபத்திரிக் கணக்கு மாத்திரமே. தாயின் வயிற்றில் இருந்த சிசுக்கள் பல, மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தன.

இன்னும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. இதே நாட்டில் 1956ஆம் ஆண்டிலும் 1960ஆம் ஆண்டிலும் பாதரசம் பூசிய விதையைத் தின்று மக்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பாடம் மூட்டையை அச்சிட்டவரின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

தவறு யாருடையது?

"படியாத சனம், சொன்னதைக் கேளாமல் தின்றுவிட்டது" என்று இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். அது சரியாகாது. அந்த விவசாயிகள் தங்களுக்குத் தெரிந்த வழிகளால் தானியத்தைச் சோதித்தார்கள். சோதித்த முறை பிழைத்தது. சரியான முறையைச் சொல்லும் சொற்கள் அவர்களுடைய கையிலேயே இருந்தன, மூட்டையின்மேல். ஆனால் அவை வேறொருவருடைய மொழியில் இருந்தன.

அரபு மொழியில் அச்சிட்டிருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்களா? அதையும் உறுதியாகச் சொல்லமுடியாது. வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். எழுத்தோடு வாய்ச்சொல்லும் சேர்ந்திருக்கவேண்டும். "கோழி சாகாவிட்டாலும் இது நஞ்சுதான், கழுவினாலும் போகாது" என்று, அவர்கள் மனதில் எழக்கூடிய எண்ணத்துக்கே மறுமொழி சொல்லியிருக்கவேண்டும். எச்சரிக்கை என்பது எழுதியவரின் கடமை தீர்ந்தது என்று காட்டும் சீட்டு அல்ல. கேட்பவரின் மனதில் போய்ச் சேர்ந்தபின்புதான் அது எச்சரிக்கை ஆகிறது.

படங்கள் போதுமா?

மொழிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், எல்லாருக்கும் விளங்கும் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். உலக நிறுவனங்களும் அவ்வாறு முயன்றன. பீடைநாசினிப் போத்தலின் அடியில் நாம் காணும் நிறப்பட்டி அவ்வாறு வந்ததே. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியில் பச்சை. கையுறை, முகமூடி, கை கழுவுதல் முதலிய சிறு படங்களும் இருக்கும். இவை பயனுள்ளவை, சந்தேகமில்லை.

ஆனால் படத்தையும் நிறத்தையும் கூடப் படிக்கப் பழகவேண்டும். பச்சை நிறத்தைக் கண்டதும் "இது பயமில்லை" என்று எண்ணுவது இயல்பு. வீதி விளக்கில் பச்சை என்றால் போகலாம் அல்லவா? போத்தலிலுள்ள பச்சைப் பட்டி "பாதுகாப்பானது" என்று சொல்லவில்லை. மற்றவற்றோடு ஒப்பிடும்போது நஞ்சு குறைவு என்று மாத்திரமே சொல்கிறது.

கதிர்வீச்சு அபாயத்தைக் காட்டும் மூன்று இதழ்க் குறியும் இவ்வாறானதே. பல ஆண்டுகளாக உலகெங்கும் பயன்பட்ட அந்தக் குறி, விபரம் அறியாத பொதுமக்களுக்கு அபாயத்தை உணர்த்தவில்லை என்று கண்டார்கள். எனவே 11 நாடுகளில் பல தரப்பு மக்களிடம் காட்டிப் பரிசோதித்த பின்னர், 2007ஆம் ஆண்டில் சர்வதேச அணுசக்தி முகவரகம் புதிய மேலதிகக் குறி ஒன்றை அறிமுகம் செய்தது. அதில் கதிர்கள், மண்டையோடு, ஓடுகின்ற மனிதன் ஆகிய மூன்றும் உண்டு. குறியை வரைந்தவர் "விளங்கும்" என்று நினைத்தால் போதாது, பார்ப்பவரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும் என்ற படிப்பினை இதில் இருக்கிறது.

படித்தவர்களுக்கும் நேரும்

இது ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எண்ணவேண்டாம். ஜேர்மனியின் தலைநகர் பேர்லினில் உள்ள ஓர் ஆசுபத்திரியில் 2006-07 காலப்பகுதியில் 47 நோயாளருக்குச் செயற்கை முழங்கால் மூட்டுப் பிழையாகப் பொருத்தப்பட்டது. எலும்பில் வைத்து இறுக்குவதற்கு ஒருவகைச் சீமெந்து தேவைப்படும் மூட்டு அது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதில் "அல்லாத" என்று பொருள் தரும் சிறு முன்னொட்டு ஒன்று வேறொரு சொல்லோடு சேர்ந்திருந்தது. வாசித்தவர் அதைச் சீமெந்தோடு சேர்த்துப் பொருள் கொண்டுவிட்டார். சீமெந்து இல்லாமலே மூட்டுப் பொருத்தப்பட்டது.

அங்கே வைத்தியர்கள் இருந்தார்கள், தாதியர் இருந்தார்கள், எல்லாரும் படித்தவர்கள். ஓரளவு தெரிந்த மொழியில் வாசித்ததுதான் ஆபத்தாயிற்று. தெரியாத மொழி என்றால் யாரிடமாவது கேட்டிருப்பார்கள்.

எந்த மொழியில் என்பதோடு என்ன சொல்கிறோம் என்பதும்

2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டிலே எபோலா நோய் தொடங்கியது. அது தொடங்கிய பகுதி மூன்று நாடுகள் சந்திக்கும் எல்லை. அங்குள்ள கிசி மக்கள் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் வாழ்கிறார்கள். அரசாங்கங்களின் மொழியோ கினியில் பிரெஞ்சு, மற்ற இரண்டிலும் ஆங்கிலம். கிராமத்தில் கிசி, மெண்டே, தெம்னே எனப் பல மொழிகள். சுகாதாரத் திணைக்களத்தின் மொழி ஒன்று, நோய் வந்த வீட்டின் மொழி வேறொன்று.

ஆரம்பத்தில் பரப்பிய செய்திகளில் ஒன்று, "எபோலாவுக்கு மருந்து இல்லை" என்பது. மக்களைப் பயமுறுத்தினால் கவனமாக இருப்பார்கள் என்று எண்ணினார்கள் போலும். மக்கள் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார்கள். மருந்து இல்லையென்றால் ஆசுபத்திரிக்கு ஏன் கொண்டுபோகவேண்டும்? வீட்டிலேயே சாகட்டும் என்று நோயாளரை மறைத்தார்கள். விளங்காத உடை அணிந்து, மருந்து தெளித்து, பிணத்தை எடுத்துச் சென்ற அந்நியரைக் கண்டு அஞ்சினார்கள். அந்நியரே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற வதந்தியும் பரவியது. 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கினியின் ஒரு கிராமத்தில், அறிவூட்டச் சென்ற குழுவினர் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்.

பின்னர் வழி மாறியது. உள்ளூர் வானொலிகள் அந்தந்த மொழியில் பேசின. ஊர்ப் பெரியவர்களும் சமயத் தலைவர்களும் முன்னுக்கு வந்தார்கள். "மருந்து இல்லை" என்பதற்குப் பதிலாக "வேளைக்கு வந்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடும்" என்று சொல்லப்பட்டது. இறந்தவரை மரியாதையோடும் பாதுகாப்போடும் அடக்கம் செய்யும் முறை, மக்களோடு பேசி வகுக்கப்பட்டது. நோய் அடங்குவதற்கு இவையும் காரணமாயின. ஆயினும் அதற்குள் 11,300 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள்.

எமது நாட்டில்

எமது நாட்டில் மொழி என்றவுடன் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின் நடந்தவையும் நினைவுக்கு வரும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள மாகாணங்களிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. இதைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டில் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டமும் வந்தது. பீடைநாசினியின் சுட்டுத்துண்டும் மூன்று மொழிகளில் இருக்கவேண்டும்.

சட்டத்தில் உள்ளது கைக்கு வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி. உள்ளங்கை அளவுப் போத்தலில் மூன்று மொழிகளையும் அடக்கினால், எழுத்து எறும்பளவு ஆகிறது. ஐம்பது வயது கடந்தவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்கமுடியாது. தமிழ் இருந்தாலும் அது மொழிபெயர்ப்பாளரின் தமிழாக இருக்கலாம். "அறுவடைக்கு முன்னரான இடைவெளி 14 நாட்கள்" என்று எழுதியிருப்பதை எத்தனை பேர் விளங்கிக்கொள்வார்கள்? "இதை அடித்து 14 நாளுக்குக் காய் பிடுங்கக்கூடாது, விற்கக்கூடாது, தின்னக்கூடாது" என்றால் யாருக்கும் விளங்கும். பெரிய போத்தலில் வாங்கிச் சிறு சோடாப் போத்தலில் அயலவருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது, மூன்று மொழிகளும் பெரிய போத்தலோடு நின்றுவிடுகின்றன.

இன்னுமொரு சொல்லைப் பற்றி நாம் சிந்திக்கவேண்டும். வயலுக்கு நஞ்சு தெளிப்பதை நாம் "மருந்து அடிக்கிறது" என்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கொடுப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்லத் தெளிப்பதும் மருந்து. சிங்கள விவசாயியும் "பெஹெத்" என்றே சொல்கிறார். அதற்கும் மருந்து என்பதே பொருள். ஸ்பானிய மொழி பேசும் தென்னமெரிக்க விவசாயிகளிடமும் இந்த வழக்கம் உண்டு. ஒருவரோடொருவர் பேசியறியாத மக்கள் ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள். மருந்து என்றால் நல்லது, கொஞ்சம் கூடினாலும் பிழையில்லை என்ற எண்ணம் இந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது. நஞ்சை நஞ்சு என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது செலவில்லாத ஒரு பாதுகாப்பு.

கடையில் வாங்கும் கலப்பினச் சோள விதையும் மரக்கறி விதையும் பல வேளைகளில் நிறச் சாயத்தோடு வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈராக்கில் மூட்டையோடு வந்த செய்தியே அந்தச் சாயத்தின் செய்தியும். மிஞ்சிய விதையைக் கழுவிக் கோழிக்குப் போடலாமா என்ற எண்ணம் எழுந்தால், அந்த மக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசி மொழிபெயர்த்துத் தருமே?

இன்று கைத்தொலைபேசியால் சுட்டுத்துண்டைப் படம் பிடித்தால், அதுவே தமிழில் மாற்றித் தருகிறது. முன்னைய தலைமுறைக்கு இந்த வசதி இருக்கவில்லை. ஒரு கடிதம் எதைப்பற்றியது, ஒரு போத்தலில் என்ன இருக்கிறது என்று பருமட்டாக அறிய இது நல்ல உதவி. ஆனால் அளவு, எத்தனை நாள், "கூடாது" என்ற மறுப்பு ஆகிய மூன்றிலும் அதை மட்டும் நம்பவேண்டாம். பேர்லினில் பிழைத்தது ஒரு சிறிய மறுப்புச் சொல்தான். இயந்திரத்துக்கும் அது பிழைக்கலாம். பிழைத்ததை அது எமக்குச் சொல்லாது. இந்த மூன்றையும் விவசாயப் போதனாசிரியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நாம் செய்யக்கூடியவை

1. பீடைநாசினி வாங்கும்போது சுட்டுத்துண்டில் தமிழ் இருக்கிறதா, வாசிக்கமுடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். தீராவிட்டால் கமநல சேவை நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

2. நஞ்சை ஒருபோதும் வேறு போத்தலுக்கு மாற்றவேண்டாம். சுட்டுத்துண்டு இல்லாத போத்தல் பேசத் தெரியாத போத்தல்.

3. ஆசுபத்திரியில் மருந்து தரும்போது, விளங்கியதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பின், ஐந்து நாள். சரியா?" மொழி தெரியாத தாதியிடம் விரலால் எண்ணிக் காட்டியாவது உறுதி செய்யுங்கள். தலையாட்டிவிட்டு வரவேண்டாம்.

4. ஊரில் இரண்டு மொழி தெரிந்தவர்கள் யார் யார் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருங்கள். வெள்ளம், மண்சரிவு, நோய் என்று அறிவித்தல் வரும்போது, அவர்களை எழுப்பித் தெளிவு கேட்கலாம். பள்ளிப் பிள்ளையைத் தாயின் நோய்க்கு மொழிபெயர்க்க வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். பிள்ளைக்குச் சில சொற்கள் தெரியாது, சிலவற்றைச் சொல்ல வெட்கப்படும்.

5. சங்கமே துண்டுப்பிரசுரம் வெளியிடும்போதும் இதையே கடைப்பிடியுங்கள். அச்சடிக்குமுன் ஊரிலுள்ள மூன்று பேருக்கு வாசித்துக் காட்டி, விளங்கியதைச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியதும் விளங்கியதும் வேறாயிருந்தால், எழுதியதைத் திருத்துங்கள்.

6. அயலில் வேற்றுமொழி பேசுபவர் இருந்தால் அவரை மறக்கவேண்டாம். தமிழில் மட்டும் ஒலிபெருக்கியில் அறிவித்தால், அந்த வீட்டுக்காரர் ஈராக் விவசாயியின் நிலையில் இருப்பார்.

ஆறாவது குறிப்பை விசேடமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. எமது மொழிக்கு இடம் இல்லாதபோது எமக்குச் சுடுகிறது. எமது கையில் ஒலிவாங்கி இருக்கும்போது, மற்றவர் மொழியை நாமும் மறந்துவிடுகிறோம். ஒரு மொழியைப் பேசுவோர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்து எச்சரிக்கை கொடுப்பதானால், ஒரே ஒரு குடும்பம் எப்பொழுதும் தவறிப்போகும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

உங்கள் ஊரில் கடைசியாக வந்த வெள்ள அல்லது நோய் அறிவித்தல் எந்த மொழியில் வந்தது? அதை வாசிக்கவோ கேட்கவோ முடியாதவர்கள் எத்தனை வீட்டில் இருந்தார்கள்? அவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அடுத்த முறை யார் போவது என்று இன்றே பெயர் குறித்துக்கொள்ளுங்கள்.